கரும்புக் கொக்கு

ஆகஸ்ட் 6 வந்தால் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் கொக்கு மடிப்பார்கள். தலைமையாசிரியர் அறையிலிருந்து ஒரு கட்டு ஏ4 தாள் வகுப்புக்கு வரும். தாளின் ஒரு மூலையை எதிர் ஓரத்தோடு சேர்த்து மடித்து, மிஞ்சுகிற பட்டையை எச்சில் தொட்டு நீவிக் கிழித்துப் போட்டுவிட்டு, கையில் நிற்கும் சதுரத்தில் பிள்ளைகள் வேலையைத் தொடங்குவார்கள். ஹிரோஷிமா நாளுக்காகச் செய்யும் இந்தப் பறவைக்கு ஆசிரியர்கள் மத்தியில் ‘சடகோ கொக்கு’ என்று பெயர். பிள்ளைகளுக்கு ஜப்பான் கொக்கு என்றுதான் அறிமுகம். மடிப்பு ஜப்பானுடையது, சரி. மடிபடுகிற உடம்பு எங்கே பிறந்தது என்று தேடினால் கதை நேராக வீரகேரளத்துக்குப் போகிறது.

கோவை வீரகேரளத்தில் இருக்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912இல் தொடங்கப்பட்டது. இதற்குக் கோவையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கரும்பு எல்லா ஊரிலும் பூப்பதில்லை. பூத்தாலும் விதை கட்டுவதில்லை. கோவையின் தட்பவெப்பத்தில் இரண்டும் நடக்கும். சி.ஏ. பார்பர் தொடங்கி வைத்த வேலையை டி.எஸ். வெங்கட்ராமன் தொடர்ந்தார். வெள்ளை என்ற இனிப்புக் கரும்பையும் கோவை வட்டாரத்தில் தானாக முளைத்துக் கிடந்த காட்டு நாணலையும் கலந்து அவர்கள் எடுத்த கோ 205 என்ற ரகம் 1918இல் வெளிவந்து பஞ்சாப் வயல்களுக்குப் போனது. சர்க்கரை ஒரு பக்கத்திலிருந்து வந்தது. வறட்சியைத் தாங்கும் உரமும் நாரும் நாணல் பக்கத்திலிருந்து வந்தன. இன்று தமிழ்நாட்டு வயல்களில் அதிகம் நிற்கும் கோ 86032 ரகமும் அதே வீரகேரளத்துப் பிறப்புதான். விவசாயிகள் கைக்கு வந்தது 2000இல். ஓடைக்கரையில் கொக்கு நிற்கிற இடத்தில் வளரும் புல்லின் நார், நூறு வருஷம் சுற்றிக்கொண்டு காகிதக் கொக்குக்குள் வந்து சேர்கிறது என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கும். முழுப் பொய்யாக இருக்காது.

கரும்பு வெட்டிய பிறகு கொங்கில் அதற்கு இரண்டு வழி. கவுந்தப்பாடி, சித்தோடு பக்கத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைக்குப் போனால் சாறு கொப்பரைக்கும், பிழிந்த சக்கை காய்ந்து அதே கொப்பரையின் அடுப்புக்கும் போய்விடும். பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரையாகப் போகும் கரும்பின் சக்கை கவுந்தப்பாடியிலேயே சாம்பலாகிவிடுகிறது. அந்தக் கரும்பு காகிதமாவதில்லை. சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்புக்குத்தான் இரண்டாவது பிறவி.

அங்கேயும் சக்கையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். சர்க்கரை ஆலையின் கொதிகலனுக்குச் சக்கைதான் விறகு. அதை வாங்க நினைக்கிறவர் பதிலுக்கு எரிபொருளோ நீராவியோ கொடுத்தாக வேண்டும். தமிழக அரசு 1979இல் நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் இந்தப் பண்டமாற்றின் மேல்தான் எழுந்தது. கரூரை அடுத்த புகளூர்ப் பக்கம், காவிரிக் கரையில், 1984இல் உற்பத்தி தொடங்கியது. ஆலையைச் சுற்றி வந்த குடியிருப்புக்குக் காகிதபுரம் என்று பெயர். முதலில் நாளிதழ் அச்சுத்தாள் செய்தார்கள். பிறகு எழுதும் தாள், அச்சுத்தாள், நகலெடுக்கும் தாள் என்று மாறினார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாள் செய்யும் வசதி அங்கே இருக்கிறது. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையத்து சேஷசாயி காகித ஆலை இன்னும் மூத்தது; 1960இல் தொடங்கிய நிறுவனம். அதுவும் பக்கத்துப் பொன்னி சர்க்கரை ஆலையின் சக்கையை வாங்கிக் கூழாக்குகிறது. ஆக, பள்ளிக்கு வந்த ஏ4 கட்டு புகளூர்த் தாளா பள்ளிபாளையத்துத் தாளா என்று உறையைப் பார்த்துச் சொல்லலாம். எதுவானாலும் காவிரித் தண்ணீரில் ஊறியதுதான்.

அரவைப் பருவம் சில மாதங்கள்தான். காகித எந்திரம் வருஷம் முழுக்க ஓட வேண்டும். அதனால் சக்கையை மலை மலையாகக் குவித்து, தண்ணீர் பாய்ச்சி ஈரமாகவே வைத்திருப்பார்கள். காய்ந்தால் தீப்பிடிக்கும், கெட்டும் போகும். கூழாக்கும் முன் ஒரு வேலை உண்டு. கரும்புத் தண்டின் நடுவில் பஞ்சு போல ஒரு பகுதி இருக்கிறதே, பல்லால் கடித்துத் துப்பும்போது நாக்கில் பொருபொருவென்று ஒட்டுவது, அதைப் பிரித்தெடுத்துவிட வேண்டும். அதில் நார் கிடையாது; விட்டுவைத்தால் மருந்தைக் குடித்துக்கொண்டு தாளைக் கெடுக்கும். அதை எரித்துவிட்டு, மிச்ச நாரைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, யூகலிப்டஸ், சவுக்கு மரக்கூழோடு கலந்து எந்திரத்தில் ஓட விடுவார்கள்.

இந்த நாரின் நீளத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சக்கையின் இழை ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர். யூகலிப்டஸ் இழை அதைவிடக் குட்டை. எழுதவும் அச்சடிக்கவும் இது மிக நல்ல தாள். மேற்பரப்பு வழவழவென்று வரும், மை பரவாது. மடிப்பதற்கென்று யாரும் இதைச் செய்யவில்லை.

மடிப்பதற்கென்றே செய்தது போல ஒரு காகிதம் ஜப்பானில் இருந்தது. கோஸோ என்ற காகித மல்பெரிச் செடியின் பட்டையை வேகவைத்து, அடித்து, கையால் சல்லடையில் அள்ளிச் செய்வது. அதன் இழை 10 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். நீள இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஒரே கோட்டில் எத்தனை முறை மடித்துப் பிரித்தாலும் தாள் விட்டுப்போகாது. அந்தக் காகிதம் இல்லாமல் கொக்கு பிறந்திருக்குமா என்பதே சந்தேகம். குறைந்தபட்சம், 1797இல் கியோட்டோவில் அச்சான ‘ஹிடென் சென்பாஸுரு ஒரிகாதா’ என்ற புத்தகம் பிறந்திருக்காது.

பொழுதுபோக்குக் காகித மடிப்புக்கென்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகம் அதுதான். அதில் இருக்கும் 49 மாதிரிகளை அமைத்தவர் குவானா ஊரின் பௌத்தத் துறவி கிதோ. எழுதித் தொகுத்தவர் அகிஸாதோ ரிதோ. 49 மாதிரிகளும் கொக்கு. ஒன்றுகூடத் தனிக் கொக்கு கிடையாது. ஒரே தாளில் அங்கங்கே வெட்டு கொடுத்து, சதுரங்கள் மூலையில் மட்டும் நூலளவு ஒட்டியிருக்க விட்டு, ஒவ்வொரு சதுரத்தையும் ஒவ்வொரு கொக்காக மடிப்பார்கள். முடித்துப் பார்த்தால் தாய்க்கொக்கின் அலகில் குஞ்சின் அலகு தொங்கும். இறக்கை நுனியோடு இறக்கை நுனி கோத்து ஒரு கூட்டமே வட்டமாக நிற்கும். எல்லாம் ஒரே தாள், பசை கிடையாது. புகளூர்த் தாளில் இதை முயன்று பார்த்தால் மூன்றாவது மடிப்பில் மூலை கையோடு வந்துவிடும். தாளின் குற்றம் இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் இழை நூலளவு இணைப்பில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அடுத்து நடந்தது ஜப்பானுக்கு வெளியே. ஜெர்மனியில் ஃபிரெடரிக் ஃப்ரோபெல் சின்னப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கிண்டர்கார்டனில் காகித மடிப்பும் ஒரு பாடம். அவர் மறைந்த பிறகு அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. 1876இல் டோக்கியோ மகளிர் ஆசிரியர் பள்ளியோடு இணைத்து ஜப்பான் அரசு நடத்திய மழலையர் பள்ளியில் ஃப்ரோபெலின் மடிப்புகளும் ஜப்பானியப் பாட்டிமார் மடிப்புகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. ஜப்பானியக் கலை என்று இன்று உலகம் சொல்வதில் ஜெர்மன் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் மழைநாளில் விடுகிற ரெட்டைக் கப்பலும் குண்டூசியில் குத்திச் சுற்றுகிற காத்தாடியும்கூட ஃப்ரோபெல் மடிப்புகளின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

ஃப்ரோபெல் முறையின் காகித மடிப்புப் பெட்டி சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இருநூறு வண்ணச் சதுரத் தாள்களும், மடிப்பை நீவுவதற்கு ஒரு கட்டையும், படங்களும் அதில் இருக்கும். 1853இல் பிறந்து கும்பகோணத்தில் படித்த, வருவாய்த் துறை அதிகாரியான டி. சுந்தர ராவ் கையில் அது சிக்கியது. குழந்தைகளுக்கான பொருளை வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கான கணிதம் செய்தார் அவர். அளவுகோலும் கவராயமும் தொடாமல், சதுரத் தாளை மடித்து மடித்தே ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம், பிறகு பரவளையம், நீள்வட்டம் வரை போனார். காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் தலைப்பிட்ட அந்தப் புத்தகத்தை 1893இல் சென்னை அடிசன் கம்பெனி வெளியிட்டது. ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் தன் சொற்பொழிவு நூலில் அதைக் குறிப்பிட்டார். க்ளைனின் நூலை மொழிபெயர்க்கப் போன இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் ராவின் புத்தகத்தைத் தேடிப் பிடித்து 1901இல் சிகாகோவில் மறுபதிப்புச் செய்தார்கள். ராவின் வரைபடங்கள் பலவற்றுக்குப் பதிலாக, மடித்த தாளையே படம் பிடித்துப் போட்டார்கள். இன்றும் அச்சில் இருக்கிற புத்தகம்.

அதில் கொக்கு இல்லை. ஆனால் கொக்குக்குத் தேவையான கணக்கு முழுவதும் இருக்கிறது. கொக்கின் அடிமடிப்பு என்பது கோணத்தைப் பாதியாக்கிக்கொண்டே போவதுதான்: 90 பாகை, 45, பிறகு இருபத்திரண்டரை. ராவின் எண்கோண அத்தியாயமும் இதே பாதியாக்கலில்தான் நிற்கிறது. கனசதுரத்தை இரட்டிப்பாக்கும் பழைய கிரேக்கப் புதிர் மடிப்புக்கு அடங்காது என்று அவர் நினைத்தார். 1936இல் இத்தாலியப் பெண் கணிதர் மார்கெரிட்டா பெலோக் அடங்கும் என்று காட்டிவிட்டார். ஜப்பானில் கலையாக இருந்ததைக் கும்பகோணத்தில் படித்த ஒருவர் கணக்காகப் பார்த்திருக்கிறார்; நம் பள்ளிகளில் கொக்கு மடிக்கும் நாளில் சுந்தர ராவ் பெயரை யாரும் சொல்வதில்லை என்பது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. ஹிரோஷிமா நாளும் கணக்கு வகுப்பும் சந்திக்கக் கூடாது என்று விதியா என்ன?

கொக்குக்கு உலகப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்தது கணக்கும் இல்லை, கலையும் இல்லை. ஒரு மருத்துவமனைக் கட்டில்.

சடகோ சசாகி 1943 ஜனவரியில் பிறந்தவள். 1945 ஆகஸ்ட் 6 காலையில் குண்டு விழுந்த இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருந்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தாள். காயம் பெரிதாக இல்லை. பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் கெட்டிக்காரி. 1955 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோய் என்று ஹிரோஷிமா செஞ்சிலுவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த ஆகஸ்டில் நகோயா நகரத்து மாணவர்கள் நோயாளிகளுக்கு ஆறுதலாகக் காகிதக் கொக்குகளை அனுப்பி வைத்தார்கள். ஆயிரம் மடித்தால் வேண்டியது நடக்கும் என்ற பழைய நம்பிக்கையில் அவளும் மடிக்கத் தொடங்கினாள். கோஸோ தாளுக்கு அவள் எங்கே போவாள்? பொடி மருந்து மடித்துக் கொடுக்கும் தாள், பரிசுப்பொருள் சுற்றி வந்த தாள், பக்கத்து அறைகளில் கேட்டு வாங்கிய தாள். போகப் போகச் சதுரங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. கடைசியில் விரல் நுனிக்கு அடங்காமல் ஊசி முனையால் மடித்த கொக்குகள் இருக்கின்றன. 1955 அக்டோபர் 25ஆம் தேதி, பன்னிரண்டு வயதில், இறந்துபோனாள்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நம் வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லப்படும் கதையில் அவள் 644 கொக்கு மடித்து, முடிக்காமல் இறந்துபோகிறாள். மீதியைத் தோழர்கள் மடிக்கிறார்கள். அந்த எண் எலினோர் கோயர் 1977இல் எழுதிய சிறுவர் நாவலில் வருவது. ஹிரோஷிமா அருங்காட்சியகமும் அவள் அண்ணன் மசாஹிரோவும் சொல்வது வேறு: ஆயிரத்தை அவள் தாண்டிவிட்டாள், தாண்டிய பிறகும் மடித்துக்கொண்டேயிருந்தாள். எனக்கு இரண்டாவதுதான் கனமான கதையாகத் தெரிகிறது. ஆயிரம் ஆகிவிட்டது, நோய் போகவில்லை, அடுத்த தாளை எடுக்கிறாள். பிள்ளைகளிடம் இதைச் சொல்வது சிரமம் என்பதால்தானோ என்னவோ நாவலின் எண் நிலைத்துவிட்டது.

அவள் வகுப்புத் தோழர்கள் நிதி திரட்டி எழுப்பிய குழந்தைகள் அமைதிச் சின்னம் 1958 மே 5 அன்று ஹிரோஷிமாவில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடிக் கொக்குகள் உலகம் முழுவதிலுமிருந்து அங்கே வந்து சேர்கின்றன. எடை 10 டன் ஆகும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் கொக்கைக் கொண்டுவந்ததில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1980இல் தொடங்கிய இயக்கம். ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழை நடத்துவது. அணுகுண்டு பற்றிப் பேசும் நாளில் பேச்சோடு கைவேலையும் இருக்கட்டும் என்று நினைத்த ஆசிரியர்கள் அதில் நிறைய. அப்போது செல்போன் காணொளி ஏது? ஒன்றிய அளவிலான பயிற்சிக்குப் போய் வந்த ஆசிரியர் தன் பள்ளியில் நாலு பிள்ளைக்குக் காட்டுவார். அந்த நாலு பேர் வகுப்புக்கு. வகுப்பு வீட்டில் தம்பி தங்கைக்கு. மடிப்புப் படங்களை அம்புக்குறியும் புள்ளிக்கோடும் போட்டு வரையும் முறையை ஜப்பானில் அகிரா யோஷிஸாவா 1954இலேயே புத்தகமாக்கியிருந்தார். உலகம் முழுக்க இன்று அதுதான் மடிப்பின் எழுத்து. ஆனால் படத்தைப் பார்த்துக் கொக்கு கற்றவரை நான் அதிகம் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கையைப் பார்த்துக் கற்றவர்கள்தான் எல்லோரும்.

கரூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு மடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாலு மடிப்பு எல்லோருக்கும் வந்துவிட்டது: இரண்டு மூலைவிட்டம், இரண்டு குறுக்கு. நகத்தால் நீவினார்கள், ஒரு பையன் இரும்பு ஸ்கேலால் நீவினான். தாளை உள்ளே குவித்துச் சின்னச் சதுரமாக அமுக்குவதும் வந்துவிட்டது. ஓரங்களை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து பட்டம் போல ஆக்குவது வரை சத்தமே இல்லை. அதற்கடுத்த மடிப்பில் வகுப்பு கலைந்தது.

அந்த மடிப்பை ஆசிரியை ‘வாயைப் பொளக்கறது’ என்று சொன்னார். போட்ட மடிப்பைப் பிரித்து, மேல் அடுக்கின் நுனியை மட்டும் தூக்கி, மேலே மேலே கொண்டுபோக, இரண்டு ஓரமும் தானாக உள்ளே வந்து படிய வேண்டும். பள்ளமாகப் போட்ட மடிப்பு மேடாகத் திரும்பும் இடம் அது. கொக்குக்குள் இருக்கும் ஒரே கஷ்டமான இடமும் அதுதான்.

“டீச்சர், எனக்குப் பொளக்க மாட்டேங்குதுங்க.”

“இழுக்காத கண்ணு. இழுத்தா கிழியும். அடியில விரலை வெச்சுத் தூக்கு. அது எங்க போகணும்னு தாளுக்கே தெரியும், நீ சும்மா கூடவே போ.”

“எனக்கு ரெண்டு தாளும் சேந்து வருதுங்க டீச்சர்.”

“மேல இருக்கறத மட்டும் எடு சாமி.”

பக்கத்துப் பெண் எட்டி, அவன் தாளின் கீழ் அடுக்கைத் தன் விரலால் அழுத்திப் பிடித்தாள். அவன் தூக்கினான். ஓரங்கள் இரண்டும் சட்டென்று உள்ளே மடிந்தன. “அட” என்றான். மறுபக்கத்தை யாரையும் கேட்காமல் அவனே செய்தான்.

அதற்குப் பிறகு வருவது கை சம்பந்தப்பட்டது இல்லை, தாள் சம்பந்தப்பட்டது. ஓரங்களை மறுபடியும் நடுக்கோட்டுக்கு மடித்து ஒல்லியாக்கிய பிறகு, கழுத்தும் வாலும் வர வேண்டிய இரண்டு காலையும் உள்பக்கமாகத் திருப்பி மேலே தூக்க வேண்டும். நகலெடுக்கும் தாள் சதுர மீட்டருக்கு 70 முதல் 80 கிராம் வரை. அந்த இடத்தில் அது அடுக்கடுக்காய்க் கனத்திருக்கும். குட்டை இழைத் தாள் மடிப்பின் வெளிவிளிம்பில் வெடிக்கத் தொடங்கும். கழுத்து வளையும் இடத்தில் வெள்ளையாக ஒரு துருவல் தெரியும். தலையை மடிக்கும்போது பாதிப் பிள்ளைகளுக்கு அலகு மழுங்கிவிடும். ஆசிரியை ஒரு பழைய தினசரிக் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கிழித்துப்போட்ட நாட்களின் தாள்கள். மெல்லிய மட்டத்தாள் அது. மதிப்பில் ஏ4-க்குக் கீழேதான், ஆனால் கனம் குறைவு என்பதால் கழுத்து கூர்மையாக வந்தது. ஒரு கொக்கின் இடது இறக்கையில் ராகுகாலமும் வயிற்றில் பெரிய சிவப்பு எழுத்தில் ஞாயிறும் விழுந்திருந்தன. ஏ4 கொக்கு கனமாக, தோள் பருத்து நின்றது. காலண்டர் கொக்கு பறக்கிற சாயலில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் முயன்ற பையன் முதல் குறுக்கு மடிப்பிலேயே கைவிட்டுவிட்டான். தேர்தல் சமயத்து நோட்டீஸ்தான் எல்லாவற்றையும்விட நன்றாக மடிகிறது என்று ஒரு பெண் சொன்னாள். வீட்டில் நிறையக் கிடக்கிறதாம், எல்லாக் கட்சியும்.

“இது றெக்கை அடிக்குமாங்க?” என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வருமாம். அடிக்காது. வாலை இழுத்தால் இறக்கை அடிக்கிற பறவை வேறு. ஆனால் அதுவும் வாயைப் பொளந்த அதே அடிமடிப்பிலிருந்துதான் வருகிறது. அங்கே ஒல்லியாக்கும் மடிப்பைப் போடாமல் விட்டுவிட வேண்டும். 1885இலேயே ‘லா நாட்யூர்’ என்ற பிரெஞ்சு அறிவியல் இதழ் அதை மடிக்கும் விதத்தைப் படம் போட்டு வெளியிட்டிருக்கிறது. ஆசிரியை அதையும் செய்து காட்டினார். பிள்ளைகள் அசையாத கொக்கைக் கீழே வைத்துவிட்டு அசைகிற பறவைக்குத் தாவினார்கள். சடகோவின் கதையைச் சொல்லி முடித்த கையோடு வகுப்பு முழுக்க இறக்கையடிப்பு. இதில் தப்பு ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆறாம் வகுப்பு எவ்வளவு நேரம்தான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கும்?

மதியத்துக்குப் பிறகு கொக்குகளை ஊசி நூலில் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். கட்டுகிற முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதுகின் நடுவில் குத்தி வயிற்றுக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக ஊசி வெளியே வர வேண்டும். முதுகில் குத்துகிற அந்த முனைதான் சதுரத்தின் நடுப்புள்ளி. முதல் நாலு மடிப்பும் சந்தித்த இடம். ஏ4 தாளில் அங்கேயும் கொஞ்சம் கிழிந்திருக்கும். நூல் நுழைய வசதி.

சுதந்திர தினத்துக்குக் கொடித் தோரணம் கட்டும்போது கொக்குத் தோரணத்தைக் கழற்றிவிடுவார்கள். சில பள்ளிகளில் அறிவியல் அறை அலமாரிக்குப் போகும். பெரும்பாலானவை அரைப் பரீட்சை விடுமுறையில் பழைய விடைத்தாள்களோடு சேர்ந்து பழைய பேப்பர் கடைக்குப் போகும். ஹிரோஷிமாவுக்கும் இதே தலைவலிதான். அளவு மட்டும் வேறு. ஆண்டுக்கு 10 டன் கொக்கை எங்கே வைப்பது? வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பிறகு 2012 முதல் நகராட்சி அவற்றை மறுசுழற்சிக்குக் கொடுக்கத் தொடங்கியது. அனுப்பியவர்களின் எண்ணம் கெடக் கூடாது என்பதால் அந்தக் கூழில் நோட்டுப் புத்தகம், அஞ்சலட்டை, பேர் அட்டை என்று செய்கிறார்கள். அங்கே பெரிய வேலை, நூலையும் மணியையும் ஒவ்வொன்றாகக் கையால் பிரித்தெடுப்பது.

நம் ஊர்ப் பேப்பர் கடைக்காரர் நூலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வெள்ளைத் தாள் தனி, கலர்த் தாள் தனி, அட்டை தனி என்று பிரிப்பார்; கிலோ விலை அதற்குத் தகுந்த மாதிரி. ஏ4 கொக்கு வெள்ளையில் சேரும், காலண்டர் கொக்கு கலவையில். கட்டுக் கட்டாக லாரி ஏறி உடுமலை, கோவை வட்டாரத்துக் கிராஃப்ட் காகித ஆலைகளுக்குப் போகும். அங்கே தண்ணீர்த் தொட்டியில் கடைந்தால் சில நிமிஷத்தில் கழுத்து, வால், இறக்கை எல்லாம் மறுபடி கூழ். நூல் மேலே மிதந்து கழிவோடு போய்விடும். பழுப்புத் தாளாகச் சுருண்டு வெளியே வந்து, நெளிவு கொடுத்து, அட்டைப்பெட்டியாகித் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் பேக்கிங் செக்‌ஷனில் போய் நிற்கும். அங்கே பெட்டியின் நாலு மடலையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து டேப் ஒட்டுகிறவர் ஒரு நாளில் மடிக்கிற மடிப்புகளுக்குக் கணக்கே இருக்காது.

ஒவ்வொரு முறை கடையும்போதும் இழை கொஞ்சம் நறுங்கும். மரக்கூழ் இழையே ஐந்தாறு சுற்றுத்தான் தாங்கும் என்பார்கள். குட்டையாகவே பிறந்த சக்கை இழைக்கு ஆயுசு இன்னும் குறைவு. சல்லடையில் நிற்காத அளவு பொடிந்துவிட்டால் தண்ணீரோடு இறங்கி ஆலையின் கழிவுத் தொட்டியில் சேறாகத் தங்கும். அதையும் வழித்தெடுத்து முட்டை அட்டையும் மட்டமான மில் போர்டும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்?